கிருமி எதுவென்று தெரியாமல் கொடுக்கும் மருந்து

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும்: செஃபிடெரோகால் என்ற ஆண்டிபயாட்டிக் மருந்தைப் புகழ்ந்து ஒருவர் பேசினார்; எந்தக் கிருமி என்று தெரிய வேண்டும் என்று எழுந்து சொன்ன என்னை, மருந்தை வெறுப்பவள் என்று பிறகு ஒருவர் எழுதினார். “இரும்பைக் காட்டி பாக்டீரியாவை ஏமாற்றியாயிற்று, இனி மருந்துக்கு அடங்காத கிருமி என்ற பேச்சே இல்லை” என்று பேச்சாளர் சொன்னதும், அரங்கம் கைதட்டியதும் மூன்று நாட்களாக என்னை வருத்துகின்றன.

அந்த அறிவியல் அழகானது. அதை நான் மறுக்கவே இல்லை. நம் உடல் இரும்பைப் புரதங்களுக்குள் பூட்டி வைத்திருப்பதால், பாக்டீரியா சிடரோஃபோர் என்னும் மூலக்கூறுகளை வெளியே அனுப்பி, அவை பற்றி வரும் இரும்பைத் தன் வெளிச்சவ்வின் வாயில்கள் வழியே உள்ளிழுத்துக்கொள்கிறது. ஜப்பானின் ஷியோனோகி நிறுவனம் உருவாக்கி, 2019 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செஃபிடெரோகால், இரும்பைப் பற்றும் அத்தகைய பகுதியொன்றைச் சுமந்தபடி அதே வாயில்களில் நுழைகிறது. ஆனால் அந்த வாயில்களையே மாற்றிக்கொண்டு தப்பிக்கும் பாக்டீரியாக்களும் கண்டறியப்பட்டிருக்கின்றன. கார்பபெனெம் என்னும் வலிமையான ஆண்டிபயாட்டிக் வகைக்கு அடங்காத தொற்றுகளில் நடந்த ஓர் ஆய்வில் இம்மருந்தைப் பெற்ற 101 பேரில் 34 பேரும், கைவசமிருந்த சிறந்த மாற்றுச் சிகிச்சையைப் பெற்ற 49 பேரில் 9 பேரும் இறந்தார்கள். அந்த வேறுபாடு பெரும்பாலும் அசினெட்டோபாக்டர் என்னும் பாக்டீரியாவின் தொற்று உள்ளவர்களிடம் காணப்பட்டது. எந்தக் கிருமி என்று தெரிய வேண்டும் என்றுதானே நான் அன்றும் எழுந்து சொன்னேன்?

அப்பாவுக்கு மூன்று நாட்கள் மெரோபெனெம் என்ற கார்பபெனெம் வகை மருந்து ஏறியது. ரத்தத்தில் இருப்பது கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா, அந்த மருந்துக்கு அது அடங்காது என்ற கல்ச்சர் அறிக்கை (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையின் முடிவு) நான்காம் நாள் காலையில்தான் வந்தது. தம்பி அதை வாங்கிக்கொண்டு படியேறி வந்தபோது அப்பாவுக்கு நினைவு தப்பியிருந்தது.

“அறிக்கைக்குக் காத்திருந்தால் நோயாளி பிழைப்பாரா?” என்று கேட்கிறார்கள். காத்திருக்கச் சொல்லவில்லை, காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கத்தான் சொல்கிறேன். அதற்கும் இதே இரும்புப் பாதை உதவக்கூடும். காலியம் என்னும் உலோகம் இரும்பைப் போலவே சிடரோஃபோரோடு பிணைவதால், அதன் கதிரியக்க வடிவமான காலியம்-68 ஏற்றிய சிடரோஃபோர்களைச் செலுத்தி, சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் தொற்று உடலில் எங்கிருக்கிறது என்பதை, கதிரியக்கத்தைப் படமாக்கும் பெட் ஸ்கேனில் காண ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் ஆய்வாளர்கள் விலங்குகளில் முயன்று வழிகாட்டியிருக்கிறார்கள். இதைப் பற்றி மேடையில் ஒரு சொல்லும் வரவில்லை. விலையைச் சுட்டிக்காட்டுபவர்களுக்கு ஒன்று: 135 நாடுகளுக்கு செஃபிடெரோகால் எட்டுவதற்கான உரிம ஒப்பந்தம் 2022இலேயே கையெழுத்தாகிவிட்டது. மருந்து வந்துவிடும். அதை யாருக்குக் கொடுப்பது என்று சொல்லும் சோதனை வருமா என்பதே என் கேள்வி.

மருந்தை வெறுக்கிறேன் என்று எழுதியவருக்கு என்ன பதில் சொல்வது? அப்பாவின் படுக்கையருகே நின்று இப்படியொரு மருந்துக்காக ஏங்கியவள் நான்.

அன்று கைதட்டியவர்களில் என் தம்பியும் இருந்தான்.