ஆஞ்சியோ செய்தால் கிட்னி போய்விடுமா?

இதயத்தின் ரத்தக் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று சாயம் ஏற்றி எக்ஸ்ரேயில் பார்ப்பதுதான் ஆஞ்சியோ. "ஆஞ்சியோவில் ஏற்றும் சாயம் கிட்னியை அழித்துவிடும், அப்புறம் ஆயுசுக்கும் டயாலிசிஸ்தான்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. மாரடைப்பு வந்தவர் இதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும். அந்தப் பயத்தில்தான் எழுதுகிறேன்.

சாயத்தால் சிலருக்குச் சிறுநீரகம் திடீரென்று பாதிக்கப்படுவது உண்மை. பெரும்பாலும் உடம்பில் எதுவும் தெரியாது. ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) மட்டும் ஏறும். உதாரணமாக, 1.0 mg/dL இருந்தது 48 மணி நேரத்துக்குள் 1.3 ஆனாலே பாதிப்பு என்றுதான் கணக்கு. பலருக்கு ஓரிரு வாரத்தில் தானாக இறங்கிவிடும். டயாலிசிஸ் வரை போகிறவர்கள் மிகக் குறைவு. அதுவும் அநேகமாக, முன்பே சிறுநீரகம் மோசமாக இருந்தவர்களும் மாரடைப்பில் ரத்த அழுத்தம் சரிந்தவர்களும்தான். அப்போது சாயத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ரத்த ஓட்டம் குறைந்ததே சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கும்.

சர்க்கரை நோய், இதயச் செயலிழப்பு, உடலில் நீர் வற்றிப்போவது ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும். இவர்களுக்குச் சாயத்தின் அளவைக் குறைப்பார்கள், தேவைப்பட்டால் சலைன் ஏற்றுவார்கள்.

செய்தியின் கடைசி வரி, "அசிடைல்சிஸ்டீன் மாத்திரை போட்டால் தப்பிக்கலாம்" என்கிறது. சுமார் 5,000 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான பெரிய ஆய்வில் அந்த மாத்திரையால் பலன் எதுவும் தெரியவில்லை. மாத்திரை தேடுவதை விட, வலி மாத்திரை, மெட்ஃபார்மின் (சர்க்கரை நோய் மாத்திரை) என்று நீங்கள் எடுக்கும் எல்லாவற்றையும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பழைய கிரியேட்டினின் ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.