வாட்ச்மேனுக்கு எதுக்கு அரைப் பக்கம்?

கதை எழுதப் பழகுகிறவர்கள் முதலில் ஒரு கொலைக் கதை எழுதிப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. இலக்கிய நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் போட்டுத் தொங்கிய மாத நாவல்களைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்து வளர்ந்தவன் நான்.

என் முதல் துப்பறியும் சிறுகதையில் ஒரு அபார்ட்மெண்ட், ஒரு கொலை, ஆறு பேர்மேல் சந்தேகம். நண்பனிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டாம் பக்கத்திலேயே பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, "வாட்ச்மேன்தானே?" என்றான்.

எப்படிடா?

"மத்தவங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு வரி. அந்தாளுக்கு மட்டும் மீசை, பீடி, பட்டன் போன சட்டைன்னு அரைப் பக்கம். சும்மாவா எழுதுவே?"

வர்ணனை என்றால் கதைக்குப் பூ வைப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஒன்றை எவ்வளவு நேரம் காட்டுகிறோமோ, வாசகர் அதற்கு அவ்வளவு மார்க் போட்டுக்கொண்டே வருகிறார். குடும்பக் கதையில் இந்தக் கணக்கு தப்பினால் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கொலைக் கதையில் அங்கேயே மாட்டிக்கொள்வோம்.

சொல்லாமல் விடுவதைக் கற்றுக்கொள்ள, ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் அகதா கிறிஸ்டியிடம் போக வேண்டும். 1926-இல் வந்த ரோஜர் அக்ராய்ட் கொலை நாவலைப் படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். கதை சொல்லும் டாக்டர்தான் கொலைகாரர். ஆனால் கொலை நடந்த அறையைப் பற்றி நம்மிடம் அவர் பொய் சொல்வதில்லை. கடிதம் வந்தது எட்டு நாற்பதுக்கு, நான் கிளம்பியது எட்டு ஐம்பதுக்கு, அப்போதும் அக்ராய்ட் கடிதத்தைப் படித்திருக்கவில்லை என்கிறார். நடுவில் அந்தப் பத்து நிமிஷம் எங்கே போயிற்று? நாம் கேட்பதே இல்லை. கடைசி அத்தியாயத்தில், எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன் பாருங்கள் என்று டாக்டரே அந்த வரிகளை ரசித்துக்கொள்வார்! முதல் தடவை படித்தபோது எரிச்சலாக இருந்தது. இரண்டாம் தடவை பென்சிலோடு உட்கார்ந்தேன். நான் கற்றுக்கொண்டதெல்லாம் இரண்டாம் தடவையில்தான்.

ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929-இல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். முதல் கட்டளை, குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே வந்துவிட வேண்டும், ஆனால் அவன் மனசுக்குள் வாசகரை விடக் கூடாது. யார் மனசுக்குள் நுழைவது, யார் வீட்டு வாசலோடு நின்றுகொள்வது என்று கதை எழுதுகிற எல்லாருக்கும் வருகிற குழப்பம்தான் இது. கிறிஸ்டி மூன்று வருஷம் முன்னாடியே அதை மீறிக் காட்டிவிட்டார் என்பது வேறு விஷயம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். திருத்தி எழுதினேன். வாட்ச்மேன் இப்போது பால்காரருக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவே, ஒரே வரியில் கேட்டைத் திறந்துவிட்டுப் போய்விடுகிறார். மிச்சமான அரைப் பக்கத்தை மாடிவீட்டுப் பாட்டிக்குக் கொடுத்தேன், மூக்குப்பொடி டப்பாவோடு.

நண்பன் நாலாம் பக்கத்தில் நிமிர்ந்தான். "பாட்டிதானே?"