600 கஜத்தைத் தாண்டினால் விதிமீறலா?

"கோல்ஃப் விதிப்படி எந்தக் குழியும் 600 கஜத்தைத் தாண்டக்கூடாது, பார் 5-க்கு மேல் வைக்கவும் கூடாது" என்னும் தகவல் மலேசியாவின் பகாவ் வட்டாரப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றி வருகிறது. குழி என்பது இங்கே, பந்தை அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து அது விழவேண்டிய துளை வரையுள்ள ஆடுதளம்; பார் என்பது, அதை முடிக்கத் தேர்ந்த ஆட்டக்காரருக்குத் தேவைப்படும் என எதிர்பார்க்கப்படும் அடிகளின் எண்ணிக்கை. அத்தகவல் உண்மையன்று. ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் 'கேடி' (caddie) வேலைக்குப் போகும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் இதை நம்பி ஆட்டக்காரர்களிடம் சொல்வது வருத்தமளிக்கிறது.

குழியின் நீளத்துக்கு விதிகளில் உச்சவரம்பே இல்லை. ஆட்டக்காரர்களின் திறனை எண்ணால் மதிப்பிடும் உலக ஹேண்டிகேப் முறை, ஆண்களுக்கு 450 முதல் 710 கஜம் வரை பார் 5 என்றும், 670 கஜத்திலிருந்து பார் 6 வைக்கலாம் என்றும் வழிகாட்டுகிறது. 2007 அமெரிக்க ஓப்பன் போட்டியில் ஓக்மான்ட் திடலின் 12-ஆம் குழி 667 கஜம். ஜப்பானின் சட்சுகி திடலில் 964 கஜத்தில் பார் 7 குழியே உண்டு.

"நீட்டினாலே வல்லவர்கள் திணறுவார்கள்" என்று அத்தகவல் முடிவதும் பிழையே. வெறும் நீளம் பலமாக அடிப்பவருக்கே சாதகமாகும். இரண்டாம் அடி விழும் இடத்தில் ஓடையைக் குறுக்கே விட்டு, துணிந்து தாண்டுவதா, முன்னதாகவே நிறுத்திக் கடினமான கோணத்திலிருந்து மூன்றாம் அடியை அடிப்பதா என்று யோசிக்க வைப்பதே நல்ல வடிவமைப்பு. அதிலும் நம் ஊரில், மதிய மழைக்குப் பின் செம்பனை ஓரத்து ஈரப்புல்லில் பந்து உருளாமல் விழுந்த இடத்திலேயே நின்றுவிடுவதால், பலகையில் எழுதிய நீளத்தைவிடக் குழி நீண்டதாகவே ஆடப்படுகிறது.