நேர்ந்ததாம்!

வட அயர்லாந்துப் போராட்டத்தைப் பற்றிய அந்த பெல்ஃபாஸ்ட் வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பியாயிற்று. போதும், பார்த்துவிட்டேன். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் தூக்கிய இயக்கம் ஐஆர்ஏ. சிறையில் உண்ணாவிரதம் இருந்து செத்த அதன் போராளி பொபி சாண்ட்ஸின் சுவரோவியத்துக்கு முன்னால் நின்று தம்பி நன்றாகத்தான் பேசுகிறார். எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் ஒரு வசனம்: “போராட்டத்தின் போக்கில் சில பொதுமக்களும் உயிரிழக்க நேர்ந்தது.”

நேர்ந்ததாம். இடி விழுந்து நேர்ந்ததா, வெள்ளம் வந்து நேர்ந்ததா?

1972 ஜூலை 21, வெள்ளிக்கிழமை. பெல்ஃபாஸ்டில் ஒன்றரை மணி நேரத்துக்குள் சுமார் 20 குண்டுகள். 9 பேர் செத்தார்கள். பஸ் நிலையத்தில் மட்டும் 6 பேர். அதில் 4 பேர் பஸ் கம்பனி ஊழியர்கள், ஒருவனுக்கு 15 வயது. குண்டு வைத்தது ஐஆர்ஏ. இதில் நேர என்ன இருக்கிறது? வைத்தார்கள், கொன்றார்கள். ‘கொன்றார்கள்’ என்றால் ‘யார்?’ என்று அடுத்த கேள்வி வரும். அதுதானே பயம்?

பையன்களின் முழங்காலில் சுட்டு முடமாக்கினார்கள். அதற்குப் பெயர் ‘தண்டனை’. எந்தக் கோர்ட்டிலே ராசா வழக்கு விளங்கினீர்கள்?

‘ஆமி செய்ததைப் பேச மாட்டாயா’ என்று வருவீர்கள். பேசுவேன். அதே வருடம் ஜனவரி 30, வட அயர்லாந்தின் டெரி நகரில் ஊர்வலம் போன சனத்தில் 13 பேரை பிரிட்டிஷ் ஆமி சுட்டுக் கொன்றது. அரசாங்கம் வைத்த விசாரணையின் விட்ஜெரி அறிக்கை அதைப் பூசி மெழுகியது. அந்தப் பூச்சைக் கண்டு கொதித்த நீங்கள்தான் இந்தப் பூச்சுக்கு லைக் போடுகிறீர்கள்.

‘அவர்கள் சூழல் உனக்கு விளங்காது.’ சரி, விளங்காவிட்டால் போகட்டும்.

ஜீன் மக்கான்வில். புருஷனை இழந்தவர், 10 பிள்ளைகளின் தாய். 1972 டிசம்பரில் பிள்ளைகள் கதறக் கதற ஐஆர்ஏக்காரர்கள் அவரை வீட்டிலிருந்து இழுத்துப் போனார்கள். 2003இல் அயர்லாந்தின் லவுத் கடற்கரையில் எலும்புகள்தான் கிடைத்தன. வீடியோவில் அவர் ‘காணாமல் போனவர்களில்’ ஒருவர். சந்தைக்குப் போன இடத்தில் வழி தவறிவிட்டாராக்கும்.

எங்கள் மாமாவையும் ஒரு இரவு வீட்டுக்கு வந்துதான் கூட்டிப் போனார்கள். யார் என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அதற்கும் சூழல் விளக்க வருவீர்கள். ‘விசாரிச்சுப்போட்டு விடுவம்’ என்றார்களாம். அதுவும் நல்ல சொல்தான்.

போன வருடம் இங்கே ஒரு கலியாண வீட்டில் தெரிந்த ஒருவர் அம்மாவிடம் அன்பாகத்தான் கேட்டார்: “உங்கட தம்பி காணாமல் போனவர் எல்லோ?”

“போகேல்லை. கொண்டு போனவங்கள்.”

பிறகு அம்மா சாப்பிடவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, “வீட்ட போவம்” என்றார்.