அது மன உறுதிக் குறைவு இல்லை

ஒரு மேடை நிகழ்ச்சியின் காணொளியைப் பலர் பார்த்திருப்பீர்கள். "சாயங்காலம் ஆனா என்ன சமைக்கிறதுன்னுகூட முடிவு பண்ண முடியல" என்று கேட்ட பெண்ணிடம், மேடையில் இருந்தவர் "உங்களுக்கு மன உறுதி போதாது, காலையில சீக்கிரம் எழுந்திருங்க" என்றார். அரங்கமே கைதட்டியது. அந்தக் கைதட்டல்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அது மன உறுதிக் குறைவு இல்லை. காலையிலிருந்து அந்தப் பெண் எடுத்துத் தீர்த்த முடிவுகளின் பாரம். எந்த பில்லை இன்று கட்டுவது, எந்த மெசேஜுக்கு உடனே பதில் போடுவது, பிள்ளையின் காய்ச்சலுக்கு லீவு எடுக்கலாமா வேண்டாமா. தனித்தனியாகப் பார்த்தால் சின்னதுதான். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒன்றை எடுத்து இன்னொன்றை விட வேண்டியிருக்கிறது. பொழுது சாயும்போது தள்ளிப்போடத் தோன்றும், அல்லது எதிரில் வந்ததற்குத் தலையாட்டத் தோன்றும்.

"மன உறுதி செலவாகித் தீரும் என்ற கோட்பாடே அடிபட்டுவிட்டதே" என்று சிலர் வருவீர்கள். தெரியும். உளவியலாளர் ராய் பாமைஸ்டர் குழு 1998இல் முன்வைத்ததை 2016இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து சோதித்தன; விளைவு ஏறக்குறைய தென்படவே இல்லை. மன உறுதி எப்படி வேலை செய்கிறது என்பதே தெளிவாகாதபோது, எல்லாவற்றுக்கும் அதையே மருந்தாகச் சொல்கிறவர்கள்தான் முதலில் யோசிக்க வேண்டும். களைத்தவரைக் குற்றவாளி ஆக்க அதில் எதுவும் இல்லை.

செய்ய வேண்டியது முடிவுகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. வாரத்தில் ஐந்து நாள் இரவுச் சாப்பாட்டை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், இரண்டு நாளைக் காலியாக விடுங்கள். ஏழு நாளையும் நிரப்பினால் ஒரு நாள் தவறியதுமே பட்டியலைக் கைவிட்டுவிடுவோம். எல்லாம் தவறும் நாளுக்கென்று ஒரே ஒரு சாப்பாடு; அதற்கான பொருள் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். இருபது வகை எழுதி வைத்துப் பயனில்லை, இருபதில் ஒன்றைத் தேடுவதும் வேலைதான்.

பொருள் வாங்க வேண்டுமா? ஷாப்பிங் ஆப்பைத் திறக்கும் முன்பே மூன்று நிபந்தனைகளை எழுதுங்கள். மூன்றும் பொருந்துகிற முதல் பொருளை வாங்கிவிட்டு, அதற்குமேல் விமர்சனம் படிக்காதீர்கள். போதுமானது கிடைத்ததும் தேடலை நிறுத்தலாம் என்று பொருளியல் அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1956லேயே எழுதினார். திருப்பிக் கொடுக்க முடிகிற பொருளுக்கு ஐந்து நிமிஷம் போதும். பணம், வேலை, உடம்பு பற்றிய முடிவுகளை ராத்திரியில் எடுக்காதீர்கள். கேள்வியைத் தாளில் எழுதி வைத்துவிட்டு, காலையில் போனைத் தொடும் முன் பாருங்கள்.

"எங்கம்மா இப்படியெல்லாம் சொன்னதே இல்லையே" என்பவர்களுக்கு: சொல்லவில்லை என்பதால் களைக்கவில்லை என்று ஆகாது. கேட்க யாரும் இல்லாமல் இருந்திருக்கலாம்.

"என்ன வேணும்னு சொன்னா வாங்கிட்டு வரேனே, நானும் உதவி செய்யறேனே" என்பவர்களிடம்தான் எனக்கு அதிகம் வருத்தம். என்ன வேண்டும் என்று யோசிப்பதுதானே வீட்டில் எல்லாவற்றையும் முடிவு செய்பவரைக் களைக்க வைக்கிறது! அதை அவர் தலையிலேயே விட்டுவிட்டுப் பையை மட்டும் தூக்கினால் எப்படி? எடுத்தால் முழுசாக எடுங்கள். எது தீர்ந்தது என்று பார்ப்பது, எவ்வளவு வேண்டும் என்று தீர்மானிப்பது, வாங்கி அடுக்குவது எல்லாமே உங்களுடையது. கடையில் நின்றுகொண்டு "எந்த பிராண்ட்?" என்று போன் செய்யாதீர்கள். தப்பான பிராண்ட் வந்தால் வரட்டும். வீட்டில் இருப்பவரும் அதைத் திருத்த வேண்டாம். திருத்தினால் அடுத்த வாரமே அந்த முடிவும் அவரிடம் திரும்பி வந்துவிடும்.