கேன் தண்ணீர் மேல் மட்டும் பழி போட வேண்டாம்
கேனில் வரும் ஆர்.ஓ. தண்ணீரில் (நுண்ணிய சவ்வு வழியாக அழுத்தி வடிகட்டியது) பல்லைக் காக்கும் ஃபுளோரைடு என்ற தாது இல்லாததால்தான் சென்னைப் பிள்ளைகளுக்குப் பல் சொத்தை என்று ஒரு கட்டுரை சொல்கிறது, அது பாதிதான் சரி. ஆர்.ஓ. சவ்வு ஃபுளோரைடில் பெரும்பகுதியை எடுத்துவிடும், உண்மைதான். ஆனால் ஃபுளோரைடு பல்லைக் காப்பது பெரும்பாலும் மேலே பட்டுத்தான், வயிற்றுக்குள் போய் அல்ல. நல்ல தண்ணீரில் லிட்டருக்கு 1 மி.கி. என்றால், சாதாரண ஃபுளோரைடு பேஸ்ட்டில் கிட்டத்தட்ட 1000 மடங்கு. துலக்கியதும் நாலு வாய் தண்ணீர் விட்டுக் கொப்பளித்து அதையும் கழுவிவிடுகிறோமே, நஷ்டம் அங்கேதான். நுரையைத் துப்பினால் போதும். மூலிகை பேஸ்ட் பலவற்றில் ஃபுளோரைடே கிடையாது, அட்டையைப் படித்து வாங்குங்கள். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் ஆர்.ஓ.வைக் கழற்றிவிட்டு போர் தண்ணீர் குடிக்கலாம் என்கிறார். சோதிக்காமல் வேண்டவே வேண்டாம், ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மி.கி. தாண்டினால் வளரும் பற்களில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழும். தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் தண்ணீர் கொண்டுபோனதே இந்தத் தொல்லைக்காகத்தான். தண்ணீர் செய்யும் நிஜமான உதவி வேறு. சர்க்கரை பட்டதும் பல் மேல் படிந்த படலத்தின் பி.எச். (குறையக் குறைய அமிலம் கூடும் அளவு) 5.5-க்குக் கீழே இறங்கி, பல்லின் வெளி உறையான எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணி நேரமாவது பிடிக்கும். ஒரே டம்ளர் சர்க்கரை டீயை ஆபீஸில் ஒரு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டிருந்தால் மீள இடைவெளியே இல்லை. சட்டென்று குடித்து முடித்து, ஒரு வாய் வெறும் தண்ணீரை இரண்டு கன்னத்திலும் சுழற்றி விழுங்குங்கள். குழந்தைக்கு இரவு துலக்கிய பிறகு சர்க்கரைப் பால் கொடுக்காதீர்கள், தூக்கத்தில் எச்சில் சுரப்பு ரொம்பக் குறைவு.