கிட்டாரைக் கேட்க ஒருமுறை சின்ன அரங்குக்குப் போங்கள்

போன கிழமை கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் ஒரு ரொக் கிட்டார் நிகழ்ச்சிக்குப் போய்வந்தேன். அன்றிலிருந்து சந்திக்கிற எல்லாரிடமும் இதைத்தான் கதைத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொருவரிடமும் பாதி பாதியாகச் சொல்வதைவிட முழுவதையும் இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது. நீளமாக இருக்கும், நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

வாசித்தவர் எழுபது வயதைத் தாண்டியவர். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து, எழுபதுகளில் கொழும்பு ஹோட்டல்களிலும் கல்யாண வீடுகளிலும் நடன இரவுகளிலும் கோஷ்டிகளோடு வாசித்தவர். தன் பெயரை முகநூலில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதை மதிக்கிறேன். அந்தக் காலத்தில் கேட்டவர்களுக்கு ஆள் யாரென்று விளங்கிவிடும். எல்லாரும் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். எலெக்ட்ரிக் கிட்டாரை, அதுவும் பல வருடம் வாசித்துப் பழுத்த ஒரு கையிலிருந்து வரும் கிட்டாரை, சின்ன அரங்கில் இருந்துதான் கேட்க வேண்டும். கொழும்பில் அதற்கு இன்னமும் வழி இருக்கிறது, நம் ஆட்கள்தான் போவதில்லை.

சென்னையிலிருந்து பெரிய பாடகர்கள் வந்தால் குடும்பத்தோடு போகிறோம், வெள்ளவத்தையிலிருந்து வான் பிடித்துக்கூடப் போகிறோம். அதில் ஒரு பிழையும் இல்லை, நானும் போகிறவன்தான். ஆனால் மைதானத்தில் மேடையிலிருந்து நூறு மீற்றர் தள்ளி நின்றால் மேடைச் சத்தம் நம்மிடம் வந்து சேரக் கிட்டத்தட்ட 0.3 செக்கன் எடுக்கும். திரையில் கிட்டார்காரரின் கை கீழே இறங்கி முடிந்த பிறகுதான் ஒலி வரும். கண் பார்ப்பதும் காது கேட்பதும் ஒட்டாது. இருபது வாத்தியமும் பத்துக் குரலும் ஒரே ஸ்பீக்கர் கோபுரத்தால் வரும்போது கிட்டார் எங்கே இருக்கிறது என்று தேடித்தான் பிடிக்க வேண்டும். வென்டில் சுமார் 600 இருக்கைகள். நான் எட்டாவது வரிசையில் இருந்தேன், மேடைக்கும் எனக்கும் பத்துப் பன்னிரண்டு மீற்றர்தான் இருக்கும். கை அசைவதும் ஒலி வருவதும் ஒன்றாகவே நடந்தன.

முதலில் கேட்டது பாட்டுக்கூட இல்லை, உறுமல். கிட்டாரின் வயரைச் செருகியதும் அம்ப்ளிஃபயரிலிருந்து மெல்லிதாக ஒரு 'ம்ம்ம்' வந்தது. பழைய மாதிரி ஒற்றைச் சுருள் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றுகிற பகுதி) உள்ள கிட்டார் அது. சுற்றிவர இருக்கிற மின்வயர்கள், லைட்டுகள் எல்லாவற்றின் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தையும் அந்தப் பிக்கப் ஒரு ஏரியல் போல உள்ளே இழுத்துவிடும். அங்கிள் மேடையில் நின்றபடியே மெதுவாக இடது பக்கம் திரும்பினார், இன்னும் கொஞ்சம் திரும்பினார், ஒரு இடத்தில் உறுமல் தேய்ந்து கிட்டத்தட்ட இல்லாமல் போனது. அங்கேயே காலை ஊன்றிக்கொண்டார். நிகழ்ச்சி முழுக்கச் சபைக்கு அரைவாசி முதுகு காட்டி நின்றதற்குக் காரணம் அதுதான். இடைவேளையில் பின்வரிசையில் ஒரு தம்பி அதை ஸ்டைல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மண்டபத்திலும் அந்தத் திசையைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்பது வாசிக்கிறவருக்குத்தான் தெரியும்.

அவர் கொண்டுவந்த அம்ப், அதாவது அம்ப்ளிஃபயர், ஒரு ஃபெண்டர் டீலக்ஸ் ரிவேர்ப். வெறும் 22 வாட்ஸ். இப்போது வீட்டு ஹோம் தியேட்டரிலேயே நூற்றுக்கணக்கில் வாட்ஸ் எழுதியிருக்கிறார்கள், இவர் ஒரு அரங்கை 22 வாட்ஸில் சமாளிக்கிறாரா என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். இந்தக் கணக்கைக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். 10 வாட்ஸை 100 வாட்ஸ் ஆக்கினால் சத்தம் பத்து மடங்காகாது. 10 டெசிபல்தான் கூடும், காதுக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தெரியும், அவ்வளவே. ஆகவே 22 வாட்ஸ் என்பது சின்னச் சத்தம் கிடையாது. ஆனால் முக்கியமானது சத்தம் இல்லை. இவருடையதைப் போல, பழைய ரேடியோவில் இருந்த மாதிரிக் கண்ணாடி வால்வுகளால் வேலை செய்கிற வால்வ் அம்ப் ஒன்றை அதன் எல்லைக்குக் கிட்டக் கொண்டுபோனால்தான் அதற்கு உயிர் வரும். அந்த இடத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகத் தொட்டால் ஒலி தெளிவாக, மணி மாதிரி இருக்கும். அதே கம்பியை அழுத்தித் தட்டினால் கரகரத்துக் கடிக்கும். ஒரு பட்டனும் அமத்த வேண்டாம், விரலின் பலம் மட்டுமே போதும். 100 வாட்ஸ் அம்ப்பை அரங்குக்குள் அந்த எல்லைக்குக் கொண்டுபோனால் முன்வரிசையில் இருப்பவர்களின் காது போய்விடும். 100 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனமே சொல்கிறது. சின்ன அம்ப், சின்ன அரங்கு. இரண்டும் சேர்ந்தால்தான் அந்த ஒலி நேராக நம் காதுக்கு வரும். சவுண்ட்காரத் தம்பி இடையில் கூட்டட்டுமா என்று கையால் கேட்டார், அங்கிள் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அந்த ஒரு முடிவுக்காகவே எழுந்து நின்று கைதட்டியிருக்கலாம்.

மறுநாள் யாரோ போனில் எடுத்த வீடியோவைப் பார்த்தேன். போன் மைக் சத்தத்தைத் தானே சமப்படுத்திவிடும், மெதுவாக வாசித்ததும் ஓங்கி வாசித்ததும் ஒரே அளவில் வருகிறது. நேரில் கேட்டதில் பாதிகூட அதில் இல்லை.

சரி, இனிக் கையைப் பற்றி. அங்கிளின் இடது கை மோதிர விரல் மூட்டு வீங்கியிருக்கிறது, முழுதாக மடங்குவதில்லை. எட்டாவது வரிசையிலிருந்தே தெரிந்தது. கம்பியை மேலே தள்ளி சுருதியை உயர்த்தும்போது அந்த விரல் கம்பியில் இருக்கும், ஆனால் பலம் கொடுப்பது அதற்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நிற்கிற நடுவிரலும் ஆட்காட்டி விரலும். தள்ளிய பிறகு அவசரப்படாமல் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி அந்தச் சுரத்தை அசைக்கிறார். அதே நேரம் வலது கைச் சுண்டுவிரல் வொலியூம் குமிழில் இருக்கிறது, கம்பியைத் தட்டும்போது ஒலியை மூடி வைத்துப் பிறகு மெதுவாகத் திறக்கிறார். தட்டிய அடையாளமே இல்லாமல் சுரம் மட்டும் எங்கிருந்தோ வருகிற மாதிரி வருகிறது. இதையெல்லாம் எந்தத் திரையும் காட்டாது. காட்டினாலும் படம் பிடிக்கிறவர் அந்த நேரம் பாடகரின் முகத்தில் இருப்பார்.

ரொக் இளைஞர்களின் விளையாட்டு, வயது போனால் விட்டுவிட வேண்டும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. விரலுக்குக் கஷ்டம் வந்தவர்கள்தான் இந்த வாத்தியத்துக்கு வழி கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். பிளாக் சபத் என்ற ஆங்கில ரொக் கோஷ்டியின் கிட்டார்காரர் டோனி அயோமி பேர்மிங்ஹாமில் தொழிற்சாலை இயந்திரத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தபோது அவருக்கு 17 வயது. பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து போட்டுக்கொண்டார், மெல்லிய கம்பி பூட்டினார், பிறகு கம்பியைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். ஹெவி மெட்டலின் அந்தக் கனத்த ஒலிக்கு அதுவும் ஒரு காரணம். இங்கிலாந்துக் கிட்டார்காரர் எரிக் கிளாப்டன் தனக்கு நரம்புக் கோளாறு இருப்பதை 2016 இல் வெளியே சொன்னார், அதற்குப் பிறகும் மேடை ஏறினார். அமெரிக்க ரொக் கிட்டார்காரர் பில்லி கிப்பன்ஸ் தடித்த கம்பியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்த புளூஸ் கிட்டார் மேதை பி.பி. கிங், ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறாய் என்று கேட்டாராம், அதற்குப் பிறகு கிப்பன்ஸ் மிக மெல்லிய கம்பிக்கு மாறிவிட்டார். நம் அங்கிளும் மெல்லிய கம்பிதான் பூட்டியிருந்தார். இருபத்தைந்து வயதில் எவ்வளவு வேகமாக வாசித்திருப்பாரோ தெரியாது, இப்போது அவர் பத்துச் சுரம் வாசிக்கிற இடத்தில் மூன்றுதான் வாசிக்கிறார். மற்ற ஏழும் தேவையில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மெதுவான ஒரு புளூஸில் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்து, அது தேய்ந்து அம்ப்பின் உறுமலோடு கலக்கும்வரை விட்டுவிட்டுக் காத்திருந்தார். இளம் கைக்கு அந்தப் பொறுமை வராது.

நிகழ்ச்சி முடிந்து வெளியே அவரோடு கொஞ்ச நேரம் கதைக்கக் கிடைத்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலம், 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை கிட்டார்க் கம்பி வாங்குவதே பெரும்பாடாம். மங்கிப்போன கம்பிகளைக் கழற்றிச் சட்டியில் கொதிக்கவைத்து, துடைத்து, திரும்பப் பூட்டுவார்களாம். முதல் அம்ப்ளிஃபயரை மருதானையில் ரேடியோ திருத்துகிற ஒருவர் பழைய ரேடியோவிலிருந்து எடுத்த வால்வுகளை வைத்துக் கட்டிக்கொடுத்திருக்கிறார். இதைக் கேட்டதும் எனக்குப் புல்லரித்தது. ஏனென்றால் பீட்டில்ஸ் பாவித்த வொக்ஸ் ஏசி30 அம்ப்பில் இருந்த ஈஎல்84 வால்வ் வீட்டு ரேடியோக்களிலும் சாதாரணமாக இருந்த வால்வ்தான். லிவர்பூல் பையன்களின் அம்ப்புக்குள் இருந்ததே இங்கே யாரோ ஒருவருடைய வீட்டு ரேடியோவுக்குள்ளும் இருந்திருக்கலாம். அந்தக் காலத்தில்தான் கிளரன்ஸ் விஜேவர்தனவும் அவருடைய மூன்ஸ்டோன்ஸ் கோஷ்டியும் சிங்களப் பாட்டுக்குள் எலெக்ட்ரிக் கிட்டாரைக் கொண்டுவந்தார்கள், நம் பக்கம் ஏ.ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் பொப்பிசையோடு வந்தார்கள். ஒரே கோஷ்டியில் சிங்களவர், தமிழர், பறங்கியர், மலாயர் எல்லாரும் இருந்தார்கள் என்றார். பிறகு 83 ஜூலை இனக் கலவரம். அவருடைய கோஷ்டியின் டிரம்ஸ்காரர் டொரொன்டோ போய்விட்டார், பேஸ் கிட்டார்காரர் எங்கே என்றே தெரியாது. ஊரடங்குச் சட்டம் இருக்கிற ஊரில் இரவு நிகழ்ச்சிக்கு யார் வருவார்கள்? இவர் மாலைதீவு ஹோட்டல்களில் வருடக்கணக்காக வாசித்துக் குடும்பத்தைப் பார்த்திருக்கிறார். இதைச் சொல்லும்போது குரலில் குறை இல்லை, வரலாறு சொல்கிற மாதிரித்தான் சொன்னார். எனக்குத்தான் நெஞ்சு கனத்தது.

இப்போது நம் ஆட்களிடம் கேட்கிறேன். இந்த நிகழ்ச்சிக்கு வாருங்கள் என்று முன்கூட்டியே பலரைக் கூப்பிட்டேன். எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: யார் பாடுகிறார்கள்? யாரும் பாடவில்லை, கிட்டார்தான் என்றதும் சரி பார்ப்போம் என்றார்கள், வரவில்லை. நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் கோயில் வீதியில் விடிய விடிய இருக்கிற சனம் நாங்கள். இணுவில் தட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்க ஊர் விட்டு ஊர் போனவர்களின் பிள்ளைகள். அங்கே யாரும் பாடகர் யார் என்று கேட்டதில்லை. கிட்டார் நமக்கு அந்நியம் என்றும் சொல்ல முடியாது, இளையராஜாவே இசையமைப்பாளர் ஆவதற்கு முன் மற்றவர்களிடம் கிட்டார் வாசித்தவர்தான், அவருடைய பாட்டுகளில் பல்லவிக்கு முன் வருகிற கிட்டாரை நம் வீட்டுப் பிள்ளைகள் வாயாலேயே வாசிப்பார்கள். ஆகவே காது இருக்கிறது. போகிற பழக்கம்தான் இல்லை.

ஏற்பாடு செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விளம்பரம் முழுக்க ஆங்கிலத்தில், டிக்கட் இணையத்தில் மட்டும் என்றால் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருக்கிற வயதானவர்களுக்கு விஷயமே தெரியாது. அவரோடு அந்தக் காலத்தில் ஆடியவர்கள், கேட்டவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். தமிழில் ஒரு நோட்டிஸ் அடித்து கொட்டாஞ்சேனையில் நாலு கடையில் ஒட்டுங்கள். மாணவர்களுக்கு அரை விலையில் கடைசி வரிசைகளைக் கொடுங்கள், வென்டில் கடைசி வரிசையிலும் நன்றாகக் கேட்கும். அப்புறம் தயவுசெய்து சொன்ன நேரத்துக்குத் தொடங்குங்கள், எழுபது வயதுக்காரரை மேடைக்குப் பின்னால் காத்திருக்க வைப்பது சரியில்லை.

கடைசியாக ஒரு உதவி. அங்கிளிடம் அந்தக் காலத்து ஒலிப்பதிவு ஒன்றுகூட இல்லை, எண்பத்துமூன்றில் வீட்டோடு போய்விட்டது. எழுபதுகளில், எண்பதுகளின் தொடக்கத்தில் கொழும்பு கோஷ்டிகள் கல்யாண வீட்டிலோ கிறிஸ்மஸ் நடனத்திலோ வாசித்ததை யாராவது ஸ்பூல் டேப்பிலோ கசெட்டிலோ பதிந்து வைத்திருந்தால், லண்டனிலோ டொரொன்டோவிலோ அலுமாரி மூலையில் கிடந்தாலும் பரவாயில்லை, எனக்கு இன்பொக்ஸில் சொல்லுங்கள். ஈரம் பட்டு ஒட்டிப்போன டேப் என்றால் ஓடவிட்டுப் பார்க்க வேண்டாம், அப்படியே வையுங்கள். கசெட்டைக் கணினிக்கு மாற்றுகிற வசதி என்னிடம் இருக்கிறது, ஸ்பூல் என்றால் ஆள் தேடிப் பிடிக்கிறேன். மாற்றி ஒரு பிரதி உங்களுக்கும் ஒரு பிரதி அவருக்கும் தருகிறேன்.